சென்னையில் பிள்ளைகளோடு ஜியோகேஷிங்: ஒளிந்து தேடாதீர்கள், சொல்லிவிட்டுத் தேடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக மூன்று கேள்விகள். கோடை விடுமுறையில் டல்லாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போன உங்கள் பிள்ளைகள், பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும், அங்கே ஜியோகேஷிங் என்ற, ஜிபிஎஸ் பார்த்து மறைத்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டைப் பழகிவிட்டு வந்து பெரம்பூரிலும் அது வேண்டும் என்கிறார்கள். சென்னையில் இது உண்டா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, போலீஸ் தொந்தரவு வருமா? ஆனால் கடைசி வரியில், "பார்க்கில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை உண்மையில் தயங்க வைப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுருக்கமான பதில்: சென்னையில் செய்யலாம், கையில் இருக்கும் போன் போதும், இடம் பார்த்துச் செய்தால் தொந்தரவு வராது. நீளமான பதில் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் டிஜிட்டல் வரைபடத் துறையில் வேலை பார்க்கிறேன். ஜிபிஎஸ் கருவியோடு ரோடு, ஏரிக்கரை, வரப்பு என்று அலைவது என் பிழைப்பின் ஒரு பகுதி. கணவரின் வேலைக்காகச் சில வருடம் சியாட்டில் பக்கம் இருந்தபோது குடும்பமாக இதில் இறங்கினோம். இப்போது வேளச்சேரியில் இருக்கிறோம், இன்னும் விடவில்லை. வரைபடம், கருவி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சட்டம் நான் படித்ததில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் ஒரு தாயின் எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, கோலிக்குண்டு மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். இது தொடங்கியது 2000 மே மாதம். அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு டப்பா தேட முடியாது. அந்தப் பிழையை நிறுத்திய அடுத்த நாளோடு நாளாக, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டுக்கு வெளியே ஒரு வாளியை வைத்து, இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அதே வருடம் செப்டம்பரில் ஜியோகேஷிங் டாட் காம் வந்தது. சென்னையில் இப்போது எத்தனை டப்பாக்கள் உயிரோடு இருக்கின்றன என்பதை அந்தத் தளத்தின் வரைபடத்தையோ செயலியையோ திறந்து பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு வாரம் மாறும். கணக்கு தொடங்கக் காசு கட்ட வேண்டாம். சில டப்பாக்கள் கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கஷ்டம், போய்ச் சேரும் கஷ்டம் என்று இரண்டு மதிப்பெண்கள் 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். உங்கள் பையனுக்காக இரண்டும் ஒன்று, ஒன்றரையில் இருப்பதாகப் பாருங்கள். இன்னொன்று, கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதையும் பாருங்கள். இரண்டு வருடமாக யாரும் கண்டுபிடிக்காத டப்பாவைத் தேடி முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

அமெரிக்காவில் பழகிவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுவது எண்ணிக்கையில்தான். அங்கே ஒரு சின்ன ஊரின் நடைபாதையில்கூட வரிசையாக டப்பாக்கள் இருக்கும். ஒரு காலையில் அடுத்தடுத்துத் தேடிக்கொண்டே போகலாம். இங்கே அப்படி இல்லை. அதனால் சென்னைக்கு இந்தப் பொழுதுபோக்கைக் கொஞ்சம் மாற்றித் தைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி பற்றி. வானம் திறந்த இடத்தில் சாதாரண ஸ்மார்ட்போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். டப்பா வைத்தவரின் போனிலும் அதே அளவு பிழை இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஏழெட்டு மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். மெரினாவில் நன்றாக வேலை செய்யும் போன் தி.நகர் சந்துகளில் தடுமாறும். காரணம், சமிக்ஞை கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேர்கிறது. அடர்ந்த மரத்தடியிலும் இதே கதைதான். ஆகவே பத்து மீட்டர் நெருங்கியதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு வட்டம் சுற்றுவதைவிட, "நானாக இருந்தால் இங்கே எங்கே வைப்பேன்" என்று கேட்டுப் பார்க்கும் பிள்ளை சீக்கிரம் கண்டுபிடிக்கும். அப்புறம், ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கேட்டால் போதும், போன் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வரைபடத்துக்குத்தான் நெட் வேண்டும், அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எண்களைப் போடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தத் தளங்களில் பாகை (டிகிரி), அதன்பின் கலை (மினிட், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலைக்குப் பின்னால் மூன்று தசம இலக்கம் என்ற வடிவில் எழுதுவார்கள். உதாரணத்துக்கு 13 பாகை 03.500 கலை. இதையே 13.03500 பாகை என்று போனில் அடித்தால், சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வேறொரு பேட்டைக்குப் போய் நிற்பீர்கள். இதை உங்கள் பெண்ணிடமே விட்டுவிடலாம், பத்து வயதுக்கு ஏற்ற கணக்குதான். ஒரு கலை என்பது தெற்கு வடக்காக சுமார் 1,850 மீட்டர், அப்படியானால் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட அதே தூரம், 1.8 மீட்டர். ஆரிகனில் அது 1.3 மீட்டர்தான். ஏன் என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தில் கோடு போட்டுக் காட்டினால் என் பெண்ணுக்குப் புரிந்தது.

இப்போது அந்தக் கடைசி வரி. உலகம் முழுக்க இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு: ஆட்டம் தெரியாதவர்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும். யாராவது வந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோலவோ பறவை பார்ப்பதுபோலவோ பாவனை செய்ய வேண்டும். டப்பா திருடுபோகாமல் இருக்க இது நல்ல வழிதான். ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுப் பாதையில் இது செல்லுபடியாகும். சென்னையில் ஆள் இல்லாத இடம் எது? பூங்காவில் வாட்ச்மேன் இருப்பார், இஸ்திரி வண்டிக்காரர் இருப்பார், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் மறைக்க மறைக்க அவர்களின் சந்தேகம் கூடும். ஆகவே இங்கே நேர்மாறாகச் செய்யுங்கள் என்பதே என் தீர்மானமான கருத்து. வாசலிலேயே வாட்ச்மேனிடம் போனைக் காட்டி, "அண்ணா, பிள்ளைங்களுக்கு ஒரு புதையல் விளையாட்டு. ஒரு சின்ன டப்பா இங்கே எங்கேயோ இருக்கு, தேடிட்டு அதே இடத்துல வெச்சிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும், வாதம் கூடாது. ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், அவரும் கூட வந்து தேட ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் இந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். போய் உட்கார்ந்து யார், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவார். அதற்குள் பிள்ளைகள் தேடி முடித்திருப்பார்கள். சொல்லிவிட்டுத் தேடினால் டப்பா காணாமல்போகும் வாய்ப்பு கூடாதா என்றால், கொஞ்சம் கூடலாம். ஆனால் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், குப்பை என்று நினைத்து எறியாமல் இருப்பார் என்பதும் என் அனுபவம். டப்பாக்கள் மறைவது திருட்டைவிடத் துப்புரவால்தான் அதிகம்.

அனுமதி கேட்டாலும் கிடைக்காத இடங்கள், கேட்கவே கூடாத இடங்கள் என்று சில உண்டு. ரயில் நிலையம், மெட்ரோ, விமான நிலையம், உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை, ராணுவ இடங்கள், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், கூட்டம் கூடும் கோயில் வாசல். கேட்பாரற்ற பொருளைக் கண்டால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கும் நகரம் இது. அங்கே ஒரு மூடிய டப்பாவை வைப்பது பிறரைப் பீதியில் தள்ளுகிற வேலை. தளத்தின் விதிகளும் இதையேதான் சொல்கின்றன: இடத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உணவுப் பொருள், பட்டாசு, மது, ஆயுதம் உள்ளே இருக்கக் கூடாது, ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும். அனுமதி இல்லாமல் யாரோ வைத்த டப்பா இப்படிப்பட்ட இடத்தில் இருப்பதாக வரைபடம் காட்டினாலும் நீங்கள் போக வேண்டாம். மாமல்லபுரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பாறை இடுக்கில் எதையும் செருகாதீர்கள். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் பிளாஸ்டிக் டப்பா கூடவே கூடாது, மான் பிளாஸ்டிக்கைத் தின்று சாகும். ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அந்த மணலைக் கிளறக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் விதியாகவே சொல்லிக்கொடுங்கள்.

டப்பா வைக்கும் இடம் இவ்வளவு குறுகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் டப்பாவே இல்லாத வகைகளும் இதில் உண்டு, சென்னை பணக்கார ஊர் என்று நான் சொல்வது அவற்றில்தான். எர்த்கேஷ் என்று ஒரு வகை: ஒரு பாறையையோ மண்ணையோ நேரில் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து கொண்டுவந்தது. அதைப் பார்த்து வீட்டிலேயே இப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாம். பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் கிடைக்கும் கருநீலப் பாறையின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர். உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் இதே பெயர்தான். பரங்கிமலைப் பாறையை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பாறையைக் கையால் தொட்டுப் பார்த்து, எந்த நிறத் துகள்கள் மின்னுகின்றன என்று எழுதச் சொல்லுங்கள்.

அதே பரங்கிமலை அடிவாரச் சமவெளியில்தான் 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர், அளவைக்கு அடிப்படையாக இருக்கும் அடிக்கோட்டைச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவை பின்னாளில் இமயமலை வரை போனது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. இந்த நாட்டில் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக அளக்கும் வேலை நம் ஊரில் வேர்விட்ட கதை இது. போனில் இரண்டு எண்களைத் தட்டி ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று இதே ஊரில் காட்ட முடிகிறது. என் வேலையும் இதே என்பதால் நான் கொஞ்சம் அதிகமாகவே நெகிழ்வேன், ஆனாலும் சொல்கிறேன், உலகத்தில் இப்படிக் காட்டக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை. மலை மேல் போகும்போது சுற்றிலும் ராணுவ இடங்கள் இருப்பதை மட்டும் மறக்காமல், படம் எடுப்பதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை, ஒரு இடத்தில் கிடைக்கும் விடை அடுத்த இடத்தின் எண்ணாக மாறுவது. கடற்கரைக்கு இது அருமையாகப் பொருந்தும். மெரினாவில் உழைப்பாளர் சிலையில் எத்தனை பேர் பாறையை நகர்த்துகிறார்கள்? நாலு. அந்த நாலு ஒரு இலக்கம். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவுச் சின்னம் யாருக்காக, எந்த வருடம்? மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க் நாட்டுக்காரர், 1930. அதில் இன்னும் சில இலக்கங்கள். இப்படிக் கோத்தால் கடைசிப் புள்ளி, முன்கூட்டியே சொல்லிவைத்த உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையிலோ மாமா வீட்டு மாடியிலோ முடியலாம். டப்பாவை அங்கே பத்திரமாக வைக்கலாம். இதைத் தளத்தில் பதிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. பதிந்தால் தன்னார்வலர் ஒருவர் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துதான் வெளியிடுவார், அதன்பின் டப்பாவை அவ்வப்போது போய்ப் பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இந்த வரிசைதான். முதலில் உங்கள் குடியிருப்பிலோ உறவினர் வளாகத்திலோ, சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு நீங்களே ஒன்று வையுங்கள். பெண்ணை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள், தம்பி தேடட்டும். வைத்துப் பழகிய பிள்ளைக்குத் தேடும் கண் வந்துவிடும். பிறகு டப்பா இல்லாத வகை ஒன்று. அதன்பின் தளத்தில் இருக்கும் டப்பா. முதலிலேயே தளத்து டப்பாவுக்குப் போய்க் கிடைக்காமல் திரும்பினால் ஆறு வயதுப் பையன் அழுவான், எங்கள் பையன் அழுதிருக்கிறான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களோடு, "வேப்பமரத்தடியில் பார்" என்ற குறிப்புகளும் அர்த்தம் இழந்தன. கிடைக்கவில்லை என்று தளத்தில் பதிவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி, அது டப்பா வைத்தவருக்குச் செய்யும் உதவி என்று சொல்லிச் சொல்லித்தான் அவனைத் தேற்றினோம். இப்போது அந்தப் பதிவை அவனே எழுதுகிறான்.

டப்பா விஷயத்தில் அமெரிக்க வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். தகர டப்பா நம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாதான் நிற்கும். அதற்குள் ஜிப் கவரில் நோட்டு, கூடவே புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம். பேனா மை கரையும், பென்சில் வையுங்கள். வெளியே விளையாட்டின் பெயரும் உங்கள் போன் நம்பரும் தமிழில் எழுதி ஒட்டினால், யார் எடுத்தாலும் பயம் வராது. மிட்டாய் வேண்டவே வேண்டாம், எறும்பு மூடியை மதிப்பதில்லை.

தேடும்போது பொந்துக்குள், கல்லுக்கு அடியில் வெறுங்கையை விடக் கூடாது. தேளும் பாம்பும் நம் ஊரில் கற்பனை இல்லை. ஒரு குச்சியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, முதலில் தட்டிப் பார்த்து, வெளிச்சம் அடித்து, அப்புறம் பெரியவர் கை. டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வீட்டுக்குள் வைத்து விளையாடுங்கள். பிள்ளைகளின் படத்தை இடத்தின் பெயரோடு அன்றைக்கே இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

கருவியைத் தங்கையிடம் வாங்கிவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இப்போது வரும் சில கையடக்கக் கருவிகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்தே இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியையும் சாட்டிலைட் போனையும் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். வெறும் ஜிபிஎஸ் மட்டும் உள்ள கருவி வேறு, ஆனால் பெட்டியைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல எல்லோராலும் முடியாது. அதற்குப் பதில் டிராவல் பக் என்ற சின்ன உலோகத் தகடு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், சட்டைப் பையில் அடங்கும். ஒவ்வொன்றிலும் தனி எண் இருக்கும். டப்பாவுக்கு டப்பா யாராவது எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்தால், அது போன ஊரெல்லாம் தளத்தில் கோடாகத் தெரியும். உங்கள் தங்கையின் பிள்ளைகள் டல்லாஸில் ஒன்றை விடட்டும், உங்கள் பிள்ளைகள் சென்னையில் ஒன்றை விடட்டும். விடும் முன் அந்த டப்பாவை இந்த மாதம் யாராவது கண்டுபிடித்துப் பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.